காலியாகக் கிடந்த களம்

சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் என் பதினொரு வயது மகள், டென்னிஸ் கற்றே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அவ்வாசைக்கு வித்திட்டவர் என் தந்தையார்தாம். 1966ஆம் ஆண்டு இறுதியில், அந்நாளைய கல்கத்தாவின் சவுத் கிளப் புல்தரையில், டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் பிரேசில் வீரர் கோக்கை நம் ராமநாதன் கிருஷ்ணன் தோல்வியின் விளிம்பிலிருந்து மீண்டு ஐந்து செட்டுகளில் வென்ற வரலாற்றைப் பேத்திக்கு அவர் எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, கணக்கில்லை. அவ்வெற்றிதான் இந்தியாவை முதன்முறையாக இறுதிச் சுற்றில் நிறுத்தியது.

கதை கேட்கக் காசு வேண்டா. ஆட்டம் கற்க வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் தொகை இவை போகச் சம்பளத்தில் மிஞ்சுவது என்ன என்பதை நம் சங்க அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவின் தென்பகுதியில் மூன்று இடங்களுக்குச் சென்று, இலவசப் பயிற்சி உண்டா என்று விசாரித்தேன். ஓரிடத்தில் இருந்த எழுத்தர் என் காலிலிருந்த செருப்பை ஒருமுறை நோக்கிவிட்டு, “இது வேறு தரத்தினர் ஆடும் ஆட்டம்” என்றார்.

வீடு திரும்பி மகளிடம், “எங்கும் இடமில்லையம்மா, அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்றேன். அது பொய். மீண்டும் ஒரு வாயிலில் நின்று கேட்க எனக்கு மனம் கூசிற்று, அவ்வளவுதான். என் மனைவி அதை உணர்ந்துகொண்டாள். “உங்களுக்காகவா கேட்கிறீர்கள்? குழந்தைக்காகக் கேட்பதில் என்ன குறைந்துவிடும்?” என்றாள்.

வழி காட்டியவர் அலுவலகத்து வங்காள நண்பர். “இலவசம் எங்கே என்று தேடாதீர்கள், காலியாகக் கிடப்பது எங்கே என்று தேடுங்கள்” என்றார். ஊழியர் குடியிருப்புகள், கல்லூரிகள், பெரிய அடுக்ககங்கள் ஆகியவற்றில் களங்கள் உண்டு. ஆடுவோர் பெரும்பாலும் மாலையில்தான் வருவர். எங்கள் தெருவுக்கு அருகிலிருந்த ஓர் ஊழியர் குடியிருப்பின் செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். எந்த நேரம் வேண்டும், எத்தனை குழந்தைகள், அதற்கு ஈடாக நாங்கள் செய்யக்கூடியது என்ன என்பவற்றைத் தெளிவாகக் குறித்தேன். ஒரு வாரத்தில் இசைவு வந்தது. காலை ஏழு மணிக்குள் முடிக்க வேண்டும். உறுப்பினர் வந்தால் விலக வேண்டும். தட்டையான அடியுள்ள காலணியே அணிய வேண்டும். ஆடிய பின் மண்தரையைப் பெருக்கி நீர் தெளித்துச் செல்ல வேண்டும்.

களத்தைப் பேணும் முதியவரை மகள் ‘காக்கு’ என்று அழைக்கலானாள். மட்டையைப் பிடிக்கவும், வலை நடுவில் மூன்றடியும் கம்பத்தருகே மூன்றரையடியும் இருக்கும்படி இறுக்கவும் அவரே கற்பித்தார். உறுப்பினர் ஒதுக்கிய பழைய பந்துகளை எங்களுக்குத் தந்தார். துள்ளல் குறைந்த பந்து கற்கும் குழந்தைக்கு நல்லதே. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2012 முதல் சர்வதேச விதியாகவும் உள்ளது. மழைக்காலத்தில் களம் சேறானபோது, எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடச் சுவரில் மூன்றடி உயரத்தில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, அதற்கு மேலே பந்தை அடித்துப் பழகினாள்.

இப்பொழுது தமிழும் வங்காளமுமாக ஐந்து குழந்தைகள் வருகின்றனர். ஒருநாள் நீர் தெளித்துக்கொண்டே மகள் கேட்டாள்: “அப்பா, எங்கும் இடமில்லை என்றீர்களே?”

“இடம் இருந்தது அம்மா, கேட்க எனக்குத்தான் வெட்கமாக இருந்தது” என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீர்க் குழாயின் மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.