பிரிக்காத கடிதம்

இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டும்போதெல்லாம் லாரியில் அடுக்கிய புதுக் கார்களைப் பார்ப்பேன். மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு வரும் வண்டி தீப்பிடிக்குமா? பிடித்திருக்கிறது. 2010 மார்ச்சில் மும்பையில் ஒரு நானோ, ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே எரிந்தது.

விசாரித்த டாடா நிறுவனம், கோளாறு அந்தந்த வண்டியோடு சரி, வடிவமைப்பில் இல்லை என்றது. நவம்பரில் கூடுதல் பாதுகாப்பை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. ஆனால் அது 'ரீகால்' இல்லையாம்! வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் தந்த 110-ஏ பிரிவு, 2019 சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. 2020 டிசம்பரில், நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், பேட்டரியில் சந்தேகம் என்று 456 கோனா மின்சாரக் கார்களைத் தானாகவே திரும்ப அழைத்தது.

நான் படித்த பிரெஞ்சில் இதற்கு 'ரப்பெல்' என்று பெயர். பதில் வராத கடிதத்துக்கு ஆபீசில் நாங்கள் அனுப்பும் ரிமைண்டருக்கும் அதே சொல்தான்.

போன மாதம் மகன் மேஜையில் அப்படியொரு கடிதம் பிரிக்காமலே கிடந்தது. பெட்ரோல் குழாயை மாற்ற வேண்டுமாம், இலவசமாக. "நேரமில்லைப்பா" என்றான். மறுநாள் காலை அவனுக்கு முன்னாலேயே காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "முதல்ல சர்வீஸ் ஸ்டேஷன். அப்புறம் உன் ஆபீஸ்."