எதை எடுத்துவிட்டு இதைப் போடுவது?

மேஜிக்: தி கேதரிங் ஆடுகிறவர்களிடம் டெக்கைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவார்கள். சைட்போர்டைப் பற்றிக் கேட்டால், "அதுவா, முந்தின ராத்திரி பார்த்துக்கலாம்" என்பார்கள். 60 கார்டுக்கு மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ஆள், மிச்சம் 15 கார்டை அரைத் தூக்கத்தில் நிரப்பிக்கொண்டு போட்டிக்கு வருவார். மூன்று கேம் மேட்ச்சில் முதல் கேமோடு அந்த 60-இன் ஆட்சி முடிந்துவிடுகிறது. இரண்டாவது கேமிலிருந்து சைட்போர்டு, அதாவது கேம்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் அந்த 15, உள்ளே வந்துவிடும். 2-0 என்று முடிந்தால் பாதி ஆட்டம் அதோடுதான்; 2-1 என்றால் மூன்றில் இரண்டு.

ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித வல்லுநர் உருவாக்கி, 1993-இல் வெளிவந்த ஆட்டம் இது. ரம்மி மாதிரி பொதுக் கட்டு கிடையாது. அவரவர் கட்டை அவரவரே தேர்ந்து அடுக்கிக்கொண்டு வர வேண்டும். ஆகவே எதிராளியின் கட்டு எதை நம்பிப் பிழைக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த ஒன்றைக் கெடுப்பதற்கென்றே கார்டுகள் உண்டு. செத்த கார்டுகள் போய்ச் சேரும் கிரேவ்யார்டை வைத்து ஆடுகிறவர்களுக்கு ரெஸ்ட் இன் பீஸ். ஆர்ட்டிஃபேக்ட்டை நம்பியவர்களுக்கு ஸ்டோனி சைலன்ஸ். கார்டுகளை இறக்கத் தேவையான மேனாவைத் தருபவை லேண்டுகள்; அவற்றில் விசேஷமானவற்றை வைத்துக் கொழிப்பவர்களுக்கு, 1994-இல் வந்து இன்றும் பல் போகாத பிளட் மூன்: அது மேஜையில் இருக்கும்வரை, பேசிக் அல்லாத லேண்ட் எல்லாம் சிவப்பு மேனா மட்டும் தரும் வெறும் மவுண்டன்தான்.

படித்தால் ஒவ்வொன்றும் ஆட்டத்தையே முடித்துவிடும் போலத்தான் தோன்றும். சில சமயம் முடித்தும் விடும். எதிராளி கார்டைப் பார்ப்பார், தன் கையைப் பார்ப்பார், கட்டை மடித்து எழுந்துவிடுவார். சிக்கலே அங்கேதான். அந்த ஒரு கேமை நாம் ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிவோம். அதே கார்டு கையிலேயே கிடந்து அழுகிய கேம்கள் நினைவில் நிற்பதில்லை.

பக்கத்து மேஜையில் நான் பார்த்த ஒரு கேமைச் சொல்கிறேன். நீலமும் சிவப்புமாக, நிதானமாகத் தடுத்து ஆடும் கன்ட்ரோல் டெக் ஆடியவருக்கு எதிரே ட்ரான். அர்ஸாவின் மூன்று லேண்டும் சேர்ந்தால், மூன்றாவது டர்னிலேயே ஏழு மேனா கொட்டும் டெக் அது. நம்மவர் மூன்றாவது டர்னில் பிளட் மூனை இறக்கினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அர்ஸாவின் லேண்டெல்லாம் மவுண்டன் ஆயிற்று. ட்ரான் ஆடியவர் பதறவில்லை. டர்னுக்கு ஒரு லேண்ட் போட்டுக்கொண்டே இருந்தார். ஆறாவது லேண்டில் வர்ம்காயில் எஞ்சின் வந்தது; அதற்கு எந்த நிற மேனாவாக இருந்தால் என்ன, சிவப்பும் செல்லும். ஏழாவதில் கார்ன் லிபரேட்டட் வந்து பிளட் மூனையே ஆட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டது. இவ்வளவு நேரமும் நம்மவர் கையில் இருந்தவை கிரியேச்சரைக் கொல்கிற கார்டுகள். எதிரே வர்ம்காயில் வரும்வரை கொல்ல ஒரு கிரியேச்சர்கூட இல்லை. அது செத்தாலும் இரண்டாகப் பிளந்து எழுந்து நிற்கிற ஜென்மம்.

பிளட் மூன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மூன்று நான்கு டர்ன் வாங்கிக் கொடுத்தது. வேகத்தடை லாரியை மெதுவாக்கும், திருப்பி அனுப்பாது. அதற்குள் ரோட்டைக் கடக்க வேண்டியது நம் பாடு. வேகமாக அடிக்கிற டெக்கின் கையில் அதே பிளட் மூன் இருந்திருந்தால், அந்த நான்கு டர்னில் கேம் முடிந்திருக்கும். கார்டு ஒன்றுதான், மதிப்பு இரண்டு. அதனால், தடுக்கிற கார்டை அது எதைத் தடுக்கிறது என்பதை வைத்து மட்டும் எடை போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இழுக்க வேண்டுமே என்பது அடுத்த தொல்லை. 60-இல் நாலு பிரதி வைத்தாலும் ஆரம்பத்து ஏழு கார்டில் ஒன்றாவது இருக்கும் வாய்ப்பு 40 சதவீதம்தான். "சும்மா ரெண்டு போட்டு வைப்போம்" என்றால் 22. நாலு போட்டால், ஒரு கேமில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து தொலைக்கும். இரண்டாவது ரெஸ்ட் இன் பீஸுக்கு அநேகமாக வேலையே கிடையாது.

கார்டுக் கடையில் புதிதாக ஆட வருகிற பையன்கள் சைட்போர்டைப் பரப்பி வைத்து, "எப்படிண்ணா இருக்கு?" என்பார்கள். ஒவ்வொரு கார்டையும் தொட்டு, இது உள்ளே வரும்போது எது வெளியே போகும் என்று கேட்பேன். பாதிக் கார்டுக்குப் பதில் இருக்காது. நாலு தடுப்பு உள்ளே வந்தால் நம் டெக்கின் நாலு பல் வெளியே போகிறது. எட்டுப் போனால், எதிராளியும் ஆட முடியாது, நாமும் ஆட முடியாது. யார் கட்டு முதலில் மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்‌ஷன் மேல் மட்டும் எனக்கு ஒரு தனிக் கசப்பு உண்டு. மேனாவே வேண்டாம், இரண்டு லைஃப் போதும். எதிராளியின் கிரேவ்யார்டில் கிடக்கும் ஒரு கார்டின் எல்லாப் பிரதிகளையும் கையிலிருந்தும் கட்டிலிருந்தும் தேடிப் பிடுங்கி எறியலாம். அடுத்தவர் கட்டைப் புரட்டிப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான நேரம், முடிந்ததும் மேஜை இருந்தபடியே இருக்கும், நம் கையில் மட்டும் ஒரு கார்டு குறைந்திருக்கும். ஒரே கார்டை நம்பி நிற்கும் காம்போவுக்கு எதிராகச் சரி. மற்றபடி ஆசைக்கு வைப்பது.

தடுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2019 கோடையில் எல்லோரும் பார்த்தோம். ஜூனில் மாடர்ன் ஹொரைசன்ஸ் என்ற புதுக் கார்டுத் தொகுதி வந்தது, அதோடு ஹோகாக் வந்தது: மேனாவே செலவழிக்காமல் கிரேவ்யார்டிலிருந்து எழுந்து வரும் 8/8 கிரியேச்சர். எதிர்த்து ஆடியவர்கள் லேலைன் ஆஃப் தி வாய்டைக் குவித்தார்கள். ஆரம்பக் கையில் இருந்தால் இலவசமாக மேஜைக்கு வரும் கார்டு அது. பிறகு இழுத்தால் நாலு மேனா, டெக்கில் கறுப்பு இல்லாவிட்டால் வெறும் அட்டை. முதல் கேமுக்கே அதை வைத்து வந்தவர்கள் ஏராளம். ஹோகாக் ஆடியவர்களே தங்களுக்குள் மோதும்போது வேண்டுமே என்று லேலைன் வைத்திருந்தார்கள். அது எதிராளியின் கிரேவ்யார்டை மட்டும்தான் கெடுக்கும், சொந்த வீட்டைத் தொடாது. அதை உடைக்க நேச்சர்ஸ் கிளெய்ம், ஃபோர்ஸ் ஆஃப் விகர் என்று பதில்களும் தயார். ஜூலையில் பார்சிலோனாவில் நடந்த பெரிய போட்டியை ஒரு ட்ரான் டெக் ஜெயித்தது. ஆனாலும் ஆகஸ்டில் ஹோகாக்கைத் தடை செய்யத்தான் வேண்டியிருந்தது.

என்னுடைய 15-இல் இப்போதெல்லாம் ரெஸ்ட் இன் பீஸ் இரண்டு, டியூரெஸ் மூன்று. டியூரெஸ்ஸைப் பார்த்து யாரும் கட்டை மடித்ததில்லை. ஒரு மேனாவுக்கு எதிராளியின் கையைப் பார்த்து, லேண்டும் கிரியேச்சரும் அல்லாத ஒன்றை எறிய வைக்கும், அவ்வளவுதான். ஆனால் கன்ட்ரோலுக்கும் காம்போவுக்கும் ஒரே கார்டு போதும். எறிய ஒன்றும் கிடைக்காவிட்டாலும், அவர் கையில் நேச்சர்ஸ் கிளெய்ம் இல்லை என்பதாவது தெரிந்துவிடும். இருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்குவேன், ரெஸ்ட் இன் பீஸ் அடுத்த டர்னுக்கு.