கறிவேப்பிலை நின்ற மூலை

பிப்ரவரி 3, 2025, திங்கள்

லைன்மேன் வந்து பழைய வீட்டு சர்வீஸ் வயரை இறக்கினார். மீட்டர்ப் பலகை இருந்த இடத்தில் சுவர் அந்த அளவுக்கு மட்டும் வெள்ளையாக இருந்தது. அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டி முடிகிற வரைக்கும் தற்காலிக இணைப்புதான். அதற்கு யூனிட் கணக்கு வேறு. வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசமெல்லாம் இதில் வராது.

வாடகை வீட்டில் தூக்கம் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வேலைக்கு வெளியே நாள் போட்டு எதையும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுத வேண்டும்போல் இருந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜேசிபி வந்தது. அரை நாளில் வீடு மண்ணாகிவிட்டது.

பிப்ரவரி 10

காலையில் அத்தை கேட்டார், "அந்தக் குழா எங்க?"

எந்தக் குழாய் என்றேன்.

"கறிவேப்பில மூட்டுல நின்னுச்சே."

இரும்பு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாச்சு அத்தை என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. வீடு போன துக்கம். எனக்கே தாங்கவில்லை, அவருக்கு எப்படி இருக்கும்.

மே 23, வெள்ளி

மூன்று மாதமாக எழுதவில்லை. சுவர் எழும்பி, தளமும் போட்டாயிற்று. பூச்சு வேலைக்கு முன்னால் சுவரில் காடி வெட்டி பைப் பதிக்க வேண்டும். சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று இப்போதே முடிவு சொல்லச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி. மெயின் வயர், டிபி பாக்ஸ், எந்த அறை எந்த பேஸில் வரும் என்பதெல்லாம் அதைப் பொறுத்ததாம்.

ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒன்றரை டன் ஏசி இரண்டுக்கு 3,200 வாட். கீசர் 2,000. ஒரு எச்பி மோட்டார் 746, முழுசாக 750 என்று வைத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி 1,000. மிக்சி 750. வாஷிங் மெஷின் 500. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், டிவி, கிரைண்டர் எல்லாம் சேர்த்து ஓர் ஆயிரம். ஒன்பது கிலோவாட்டைத் தாண்டிவிட்டது. நம் ஊர் விதிப்படி நாலு கிலோவாட் வரைக்கும்தான் சிங்கிள் பேஸ். ஏசியை விட்டால்கூட நாலுக்குள் அடங்கவில்லை. ஆனால் இது எல்லாமா ஒரே நேரத்தில் ஓடப் போகிறது? இருக்கப்போவது அத்தையும் நானும். இவர் மஸ்கட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போவார். பழைய வீட்டில் நாலு ஃபேனும் ஒரு ஃபிரிட்ஜும் வைத்துப் பத்தொன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

போனில் இவர் த்ரீ பேஸ்தான் என்கிறார். ஒரு பேஸ் போனால் சுவிட்சைத் திருப்பி இன்னொன்றில் போட்டுக்கொள்ளலாம், அம்மா ரூமுக்கு ஏசி வேணும், பின்னால சோலார் போடணும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருது என்று அடுக்கிக்கொண்டே போனார். நடுவில் மூன்று தடவை ஒரே கேள்வி: "மோட்டார எங்க வைக்கப் போற?" கிணற்றடியில்தான், வேறெங்கே? நான் பேஸ் பற்றிக் கேட்கிறேன், இவர் மோட்டாரையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். எரிச்சலில் வைத்துவிட்டேன்.

மே 24

இவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அண்ணாச்சியை வரச் சொல்லியிருந்தேன்.

வயர் கணக்கு சொன்னார். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர். எதில் குறைத்தாலும் ஆர்சிசிபியில் மட்டும் குறைக்க வேண்டாம் என்றார். அது என்ன செய்யும் என்று கேட்டேன். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் கட் பண்ணிவிடுமாம். குறைகிறதென்றால் அது வேறு ஏதோ வழியில் தரைக்குப் போகிறது. அந்த வழி ஓர் ஆளாகவும் இருக்கலாம்.

குற்றாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், பஸ் எடுக்கும் முன்பு நான் தலை எண்ணுவேன். ஒன்று குறைந்தால் வண்டி நகராது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அத்தை வந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். போகும்போது, அங்கே கிடந்த மரத்துண்டை எடுத்து, தற்காலிக போர்டில் எரிந்த லைட்டை அதனால் தட்டி அணைத்தார். விரலால் அவர் சுவிட்ச் போட்டு நான் பார்த்ததே இல்லை. பழைய வீட்டில் அதற்கென்று ஒரு மரக்கரண்டி தொங்கும்.

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி முழுக்கக் காற்று. பின்தெருவில் தென்னை மட்டை விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்துவிட்டது. மூன்று வீட்டில் டிவி போச்சு, ஒரு வீட்டில் ஃபிரிட்ஜும். ஊரைச் சுற்றிக் காற்றாடிகள் இந்தக் காற்றில்தான் கரண்ட் எடுக்கின்றன. இந்தக் காற்றுதான் நம் தெருக் கம்பியையும் அறுக்கிறது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. த்ரீ பேஸ் வைத்திருந்தால் இப்படித்தானே ஆகும் என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "டீச்சர், அந்த மூணு வீட்டுல ரெண்டு சிங்கிள் பேஸுதான்" என்றார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தெருவுக்கு வருவதே மூன்று பேஸும் ஒரு நியூட்ரலுமாம். நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸில் வந்தது இன்னொரு பேஸ் வழியாகத் திரும்பப் பார்க்கும். 230 வோல்ட்டுக்குச் செய்த பெட்டிக்குள் 400 வரைக்கும்கூட ஏறிவிடும். வோல்டேஜ் ஏறினால் வெட்டுகிற கருவி ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அதற்குப் பயந்து பேஸை முடிவு பண்ணாதீர்கள் என்றார்.

அப்படியானால் எதை வைத்து முடிவு பண்ணுவது?

ஜூன் 19

காய்ச்சல். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எர்த் குழிக்கு இடம் காட்டப் போயிருந்தேன். இரண்டு குழி, ஒவ்வொன்றும் எட்டடிக்கு மேல். கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, நடுவில் ஜிஐ பைப். ஈசான மூலையில் வேண்டாம், பின்னால் கறிவேப்பிலை நின்ற இடத்தில் ஒன்று தோண்டுங்கள் என்றேன். அந்த மண்ணில் அந்தச் செடி ஒரு நாளும் தழைத்ததில்லை, அத்தை தினமும் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றியும் குச்சியாகவேதான் நின்றது என்றேன்.

அண்ணாச்சி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"உப்பும் கரியும் போட்ட குழி டீச்சர். அதுல எந்தச் செடி வரும்? 98-ல எங்க ஆசான் போட்டது. நான் அப்ப சின்னப் பய, கரிமூட்டை நாந்தான் சுமந்தேன். சின்னவரு காரியம் முடிஞ்ச மறுநாளு. கிணத்தடி மோட்டாருக்கு எர்த்தே கிடையாது. ஈரக் கையோட தொட்டுட்டாரு. ஆசான் ஆச்சிகிட்ட சொன்னாரு, இது காஞ்சா வேலை செய்யாது, தெனமும் ஒரு செம்புத் தண்ணி ஊத்துங்கன்னு."

கொழுந்தனார் கரண்ட் அடித்துப் போனார் என்பது தெரியும். படம் கூடத்தில் மாலையோடு இருந்தது. பதினாறு வயது. அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் குழாயை என்ன விலைக்குப் போட்டோம் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவில்லை.

ஜூன் 23

அத்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி அவர் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

பின்பக்கக் குழி முடிந்துவிட்டது. பைப் தலையில் ஒரு புனல் வைத்து, சுற்றிலும் செங்கல் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சிமெண்ட் இன்னும் ஈரம். அத்தை ஆட்டோவில் வந்தார், இடுப்பில் வாடகை வீட்டுச் செம்போடு. தளத்தையோ அறைகளையோ பார்க்கவில்லை. நேரே பின்னால் போய், ஊற்றலாமா என்று அண்ணாச்சியைக் கேட்டார். "ஊத்துங்க ஆச்சி" என்று அவர் சொன்னதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். புனலில் நின்று, ஒரு குமிழி வந்து, பிறகு சளசளவென்று உள்ளே இறங்கியது. காதைச் சாய்த்துக் கேட்டார். செம்பு காலியானதும் என் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் இவர் வீடியோவில் வந்தார். ஹாலைக் காட்டினேன், அடுக்களையைக் காட்டினேன். பின்னால் போ என்றார். போனேன். போனை அந்தத் தொட்டிக்கு நேராகப் பிடிக்கச் சொல்லி வெகுநேரம் பேசாமல் இருந்தார். சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மேல சிமெண்ட் போட்டு மூடிராத. தண்ணி ஊத்த வழி வேணும்" என்றார்.

விண்ணப்பம் இன்னும் கொடுக்கவில்லை, எந்த பேஸ் என்று எழுத என்று கேட்டேன். நாளைக்குப் பேசலாம் என்றார்.