உறங்காத சகோதரன்

உறக்கம் யாவர்க்கும் எளிதிற் கிடைக்கும் பொருளென்று எண்ணுவார் பலர். எங்கள் இல்லத்தில் அஃது அத்துணை எளிதன்று. பதினெட்டு வயது நிரம்பிய என் தம்பிக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறை உண்டு. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில், பள்ளிகொண்ட பெருமாளுக்கு அணித்தே குடியிருந்தும், இரவு இரண்டு மணிக்கு முன் அவன் கண்ணுறங்குதல் அரிது. விளக்கணைந்த கூடத்தில் சுவரைத் தடவிக்கொண்டே உலாவுவான், தனக்குள் நகைப்பான். தெருக்கதவின் தாழை நீக்க அவன் கற்றுக்கொண்டமையால், அவன் உறங்குமளவும் எங்கள் அன்னையாரும் உறங்குவதில்லை. காலையில் காவிரியைக் கடந்து கல்லூரிக்கு வரும் என் கண்கள் சிவந்திருப்பதன் காரணத்தை வகுப்புத் தோழர் சிலர் இப்பொழுது அறிவர்.

அயலார் கூறும் காரணங்கள் பல. பகலில் உறங்கவிட்டீர்கள், செல்லம் கொடுத்தீர்கள், கண்ணேறு பட்டது என்பர். கண்ணேறு கழிக்க உடைத்த பூசணிக்காய்களைச் சேர்த்திருந்தால் காந்தி மார்க்கெட்டில் ஒரு கடையே வைத்திருக்கலாம். ஆயின் அன்னையாரை வருத்தியது செல்லம் என்ற சொல்லே.

உண்மை வேறு. இருள் சூழுங்கால் மூளையிலுள்ள பினியல் என்னும் சிறு சுரப்பி மெலடோனின் என்னும் பொருளைக் குருதியில் விடுகின்றது. இரவு வந்தமையை உடலுக்கு உணர்த்துவது அதுவே. அதனை 1958-இல் ஆரன் லெர்னர் என்னும் அமெரிக்க மருத்துவர் பிரித்தெடுத்தார். ஆட்டிசம் உடையார் பலரிடம் அச்சுரப்பு குறைந்திருத்தல் காணப்பட்டுள்ளது. ஸ்மித்-மஜெனிஸ் என்னும் அரிய பிறவிக் குறையிலோ அது தலைமாறிப் பகலில் மிகுகின்றது. அப்பிள்ளைகள் நண்பகலில் துவண்டு நள்ளிரவில் எழுவர். டவுன் சிண்ட்ரோம் உடையார் நிலை மற்றொன்று. குறுகிய மூச்சுவழியும் தளர்ந்த தசைகளும் காரணமாகப் பலருக்கு உறக்கத்தில் மூச்சு இடையிடையே தடைப்படும். இரவெல்லாம் படுத்திருந்தும் இளைத்தே எழுவர். அப்பகற்சோர்வை மந்தபுத்தி என்று தள்ளிவிடுதல் கொடிது. குறட்டையைப் பற்றி மருத்துவரிடம் ஒரு சொல் கூறியிருந்தால் தணிந்திருக்கும் துன்பம் அது.

இவ்விடத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவர்தம் குழுவினரும் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. இருண்ட குகையொன்றில் ஒரு வௌவாலை அடைத்து வைத்தனர். கதிரவனைக் காணாத அது, தன் இனத்தார் மாலையிற் புறப்பட்டு விடியலில் மீளும் நேரத்தையே தன் கடிகாரமாகக் கொண்டது. தோழரில்லாத குகையிலோ அதன் காலம் நாடோறும் விலகிச் சென்றது. ஆகவே உடலின் கடிகாரத்தை ஒளி மட்டுமன்றி உடனிருப்போரும் திருத்துகின்றனர். மனிதரிடமிருந்து வரும் அத்தகைய குறிப்புகள் என் தம்பியை எளிதில் எட்டுவதில்லை போலும் என்பது என் ஊகம்.

திருச்சிராப்பள்ளியில் ஒரு மருத்துவர் அறிவுரைப்படி, மாலை எட்டு மணிக்குமேல் விளக்கைக் குறைத்துக் கைப்பேசியை அகற்றுகின்றோம். எப்பொழுது உறங்கினும் ஆறு மணிக்கு எழுப்பி, இளவெயிலில் அம்மா மண்டபம்வரை நடத்திச் செல்கின்றேன். அவர் அளவிட்டுத் தந்த மெலடோனின் மாத்திரையும் உண்டு. இரண்டு மணி என்றிருந்தது இப்பொழுது பன்னிரண்டரைக்கு வந்துள்ளது. கடந்த மாதத்தில் ஐந்து இரவுகள் பழையபடியே கழிந்தன.

வைகுண்ட ஏகாதசிக்கு முன்னிரவு ஊரே விழித்திருக்கும். சித்திரை வீதியில் அவன் கைதட்டி நடந்தாலும் திரும்பிப் பார்ப்பார் இலர். அவ்விரவில் அவனுடன் சுற்றுவது என் முறை. அன்னையார் கதவைத் தாழிட்டு உறங்குவர்.