உப்புக்காற்றும் ஒரு சுவர்ப்பெட்டியும்

மின்காருக்காக வீட்டுச் சுவரில் பொருத்தும் பெட்டியைச் சார்ஜர் என்று அழைக்கிறோம். கறாராகப் பார்த்தால் அது சார்ஜர் அன்று. மாறுதிசை மின்சாரத்தை மின்கலம் ஏற்கும் நேர்திசை மின்சாரமாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரிலிருக்கும் பெட்டி, எவ்வளவு ஆம்பியர் இழுக்கலாம் என்று காருக்குச் சமிக்ஞை தந்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இணைப்பை வழங்கும் ஒரு வாயிற்காவலன். காவலனைத் தேர்ந்தெடுக்கையில் பார்க்கவேண்டியது வேகத்தை அல்ல, அவன் எத்தனை வருடம் விழித்திருப்பான் என்பதையே என்று எங்களுக்குத் தோன்றியது.

எங்களுக்கு அது வெறும் ஆர்வம் சார்ந்த கேள்வியுமல்ல. திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆறு மணிக்கு மருத்துவமனையில் இருக்கவேண்டும் என்றால் ஐந்தேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். வாடகைக் கார் வருமா வராதா என்று வாசலில் நின்ற விடியல்களின் களைப்பே எங்களைக் கார் வாங்கவைத்தது. இரவில் மின்னேற்றம் நடக்காமற்போனால் அந்தப் பழைய வாசலுக்கே திரும்பவேண்டியதுதான்.

கடைகளில் எல்லோரும் 7.4 கிலோவாட் பற்றியே பேசினார்கள். 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் இழுத்தால் வரும் கணக்கு அது. நாங்களோ ஒரு நாளில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை. ஏறக்குறைய ஏழு யூனிட் போதும். 16 ஆம்பியரில் இரண்டு மணி நேரத்தில் அது நிரம்பிவிடும். மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் இணைப்புகளில் பிறக்கும் வெப்பம் கால்பங்காகக் குறையும் என்பது பள்ளிப் பாடம். கெய்சர் கால்மணி நேரம் ஓடி ஓய்ந்துவிடும்; இந்தப் பெட்டியோ மணிக்கணக்கில் ஓயாமல் சுமை தாங்கவேண்டும். சற்றே தளர்ந்த ஒரு திருகு போதும், அங்கே சூடேறி, கம்பியின் உறை கருகத் தொடங்கும். ஆகவே 32 ஆம்பியர் தாங்கும் பெட்டியை வாங்கி, அதை 16 ஆம்பியரில் நிறுத்திவைப்பது என்று முடிவு செய்தோம்.

நெடுநாளாக எங்கள் வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியன் விளம்பரத்தாள்களைக் கையில் வாங்கவே இல்லை. "பெட்டிய அப்புறம் பாக்கலாம் சார், மொதல்ல எர்த்தப் பாப்போம்" என்றார். உப்பும் கரியும் இட்டு அப்பா காலத்தில் தோண்டிய குழி வறண்டு கிடந்தது. புதிய குழி, மெயின் போர்டிலிருந்து தனியாக ஒரு லைன், 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, அதற்கென்று ஒரு எம்சிபி. சாதாரண ஆர்சிசிபி, காரிலிருந்து கசியக்கூடிய நேர்திசை மின்சாரத்தை உணராது. அந்தக் கசிவு அதன் செயலையே மழுங்கடித்துவிடவும் கூடும். ஆகவே அதையும் கண்டறியும் பாதுகாப்பு பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்கச் சொன்னார்.

ஐபி 65 என்ற குறியீட்டில் முதல் எண் தூசிக்கு, அடுத்தது பீய்ச்சியடிக்கும் நீருக்கு. உப்புக்கு அதில் எண் இல்லை. எங்கள் தெருவின் ஜன்னல் கம்பிகளைத் தின்றுகொண்டிருப்பது அந்த உப்புதான். எனவே கடற்காற்று நேராக மோதாத, வெயிலும் அதிகம் விழாத வடக்குச் சுவரைத் தேர்ந்தோம். துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாசலில் ஏறிய நீர் சுவரில் விட்டுப்போன கறைக்கு மூன்றடி மேலே பெட்டியின் இடம்.

செயலிகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் எனெல் எக்ஸ் வே நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் தன் மின்னேற்றத் தொழிலை மூடுவதாக அறிவித்தது. வீடுகளில் இருந்த ஜூஸ்பாக்ஸ் பெட்டிகள் மின்சாரம் தருமாம். செயலியும் மென்பொருள் மேம்படுத்தலும் இராதாம். இரும்பும் செம்பும் திடமாக இருக்க, எங்கோ ஒரு கணினி அணைவதால் ஒரு பொருள் பாதி உயிரை இழக்கிறது. கைப்பேசியே இல்லாமலும் முழுமையாக இயங்கும் பெட்டிதான் வேண்டும் என்று அன்றே எழுதிவைத்துக்கொண்டோம்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி கரண்ட் போயிட்டு வந்தா அதுவா ஆரம்பிக்குமா, இல்ல யாராவது எழுந்து போய் அமுக்கணுமா?" எந்த விளம்பரத்தாளிலும் இதற்குப் பதில் இல்லை. இரண்டு கடைகளில் விற்பனையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது கடையில், ஒரு காரை இணைத்து, சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போடும்படி கேட்டோம். அரை நிமிடத்தில் பச்சை விளக்கு தானே எரிந்தது. விலை சற்று அதிகம்தான். அதையே வாங்கினோம்.