பாதி துளைத்த மணி

இரவு முழுக்கப் பெய்த ஐப்பசி மழை ஓய்ந்தால், மறுநாள் காலையில் கொடுமணல் காட்டில் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து நடக்காது. உழுது போட்ட மண் மழையில் கரைந்து இறங்கியிருக்கும். அதற்கு மேல் பாசிமணிகள் கழுவிவிட்டது போல் கிடக்கும். நெருப்புத் துண்டாகச் சிவந்த சூதுபவளம், கண்ணாடி மாதிரித் தெளிந்த படிகம், எப்போதாவது இளம்பச்சையில் ஒன்று. வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும். ஏறிவிட்டால் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி மின்னும்.

நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது அந்த ஊர். பக்கத்து ஊர்தான் என் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியின், ஊர். அங்கே இருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பொறுக்கிய மணிகளை அம்மிச்சி நூலில் கோத்து, என் தங்கையின் கழுத்தில் போட்டுவிடுவார். திருஷ்டிக்கு நல்லது என்பார். ஓட்டை உள்ள மணிக்குத்தான் மதிப்பு. ஓட்டை இல்லாததையும், உடைந்ததையும், வடிவம் வராமல் கரடுமுரடாகக் கிடந்ததையும் யாரும் சீண்டமாட்டோம். மணி வாங்க சைக்கிளில் வருகிறவரும் அவற்றைத் தொட மாட்டார். நல்ல சிவப்பு மணி கொடுத்தால் வறுகடலை வாங்கக் காசு கிடைக்கும்.

கொடுமணலுக்குக் கிழக்கே கல் வட்டங்கள் நிறைய. நடுவில் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிற நெடுங்கற்கள். பாண்டவர்கள் வனவாசத்தில் ஒளிந்திருந்த இடம் என்றார்கள். மாடு மேய்க்கப் போகிறவர்கள் அந்தக் கல்லில் முதுகு சொறிந்துகொள்வார்கள். பொழுது சாய்ந்தால் மட்டும் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் நடத்திய அகழாய்வு அது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், காட்டில் சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, கிணறு வெட்டுகிற மாதிரி இல்லாமல், ஏதோ பால்கோவா வழிக்கிற நிதானத்தில் மண்ணை வழிக்கிறார்கள் என்பதுதான். புதையல் எடுக்க வந்தவர்கள் என்று ஊரில் பேச்சு. தங்கம் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

எங்கள் பள்ளித் தமிழய்யா ஒருநாள் வகுப்பு முழுவதையும் வரப்பு வழியே நடத்தியே கூட்டிப்போனார். அவருக்கு ஏற்கனவே இந்த ஊர்மேல் பித்து. ஈரோட்டுப் புலவர் செ. இராசு தமிழாசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டும் பழம்பொருளும் தேடியதை, கொடுமணலின் பழமையை வெளியே சொன்னதை, வகுப்பில் அடிக்கடி சொல்வார். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் சொல்கிற கொடுமணம் நம் கொடுமணல்தான் என்று அவர் சொன்னபோது, பாட்டில் வருகிற ஊரில் மாடு மேய்க்கிறோமே என்று எனக்குள் ஒரு பெருமை ஓடியது.

குழியின் ஓரத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். உள்ளே தாடி வைத்த ஓர் ஆய்வு மாணவர் குந்தியிருந்தார். கையில் கொத்தனார் கரணை போல ஒன்று, இடுப்பில் செருகிய பிரஷ். முதலில் அவர் எங்களிடம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. குழியின் சுவரைக் காட்டினார்.

“மேல இருக்கிற மண்ணு உங்க அப்பா உழுதது. அதுக்குக் கீழ நிறம் மாறுது பாருங்க. அதுக்கும் கீழ சாம்பல் மாதிரி ஒரு கோடு. அங்க யாரோ அடுப்பு எரிச்சிருக்காங்க. நாம கீழ இறங்க இறங்க, பின்னாடி போறோம்.”

பள்ளியில் காலம் என்பது கரும்பலகையில் இடமிருந்து வலமாகப் போகிற கோடு. இங்கே அது என் முழங்காலிலிருந்து பாதம் வரை கீழே இறங்கியது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்ததை, அதற்குப் பிறகு எந்த வரலாற்றுப் பாடமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. தொல்லியலைச் சொல்லிக் கொடுக்க நினைக்கிறவர்கள் பொருளைவிட முதலில் மண் சுவரைக் காட்டலாம் என்று இன்றைக்கும் ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் கால்சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து மணி இருக்கும். வகுப்புத் தோழன் ஒருவன் என்னை மாட்டிவிட்டான். “ஏனுங்ணா, இவன்கிட்ட நெறைய இருக்குதுங்ணா.” அவர் வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டையின் வழியாக ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு காகிதப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, சாம்பல் பூத்த ஒரு கல்லை என் உள்ளங்கையில் வைத்தார். நாங்கள் காலால் எத்திவிட்டுப் போகிற வகைக் கல். ஒரு பக்கம் சிறிய குழிவு. மறுபக்கம் ஒன்றுமில்லை.

“இது என்ன?”

“உடஞ்சதுங்ணா.”

“உடையல தம்பி. துளைக்க ஆரம்பிச்சிருக்காங்க, முடிக்கல. இந்தப் பக்கம் பாதி துளைச்சு, திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து துளைச்சு நடுவுல சேர்க்கணும். என்ன ஆச்சோ, இதோட விட்டுட்டாங்க. உன் பையில இருக்கிற முழு மணி எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம், வியாபாரி கொண்டுவந்திருக்கலாம். பாதி துளைச்ச மணியை யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா? அப்ப இதைச் செஞ்ச ஆள் இங்கயே இருந்திருக்கார்.”

வகுப்பே வாயடைத்துப் போனது. அந்த வருடங்களில் கொடுமணலில் கிடைத்தவற்றில் கல்லைச் சில்லெடுத்தது, தேய்த்து உருட்டியது, துளைத்துப் பாதியில் நின்றது, மெருகேற்றியது என்று மணி செய்வதன் எல்லாப் படிகளும் இருந்தன. இரும்பை உருக்கிய உலைகளும் கிட்டமும் கிடைத்தன. கல் வட்டங்களுக்குள் இருந்த கல்லறைகளில் ஏராளமான சூதுபவள மணிகள். பச்சைக்கல் படியூரிலிருந்து, நீலக்கல் சிவன்மலைப் பக்கமிருந்து. இரண்டும் எங்கள் மாமன் மச்சான் ஊர்கள், தேர்த் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகிற ஊர்கள். சூதுபவளத்துக்கான கல் மட்டும் எங்கள் பக்கத்தில் இல்லை, அது குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார்கள். கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குப் போன பெருவழியில் இந்த ஊர் இருந்தது. காங்கேயத்தில் இன்றும் ரத்தினக்கல் பட்டை தீட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அந்த வேலை இந்த மண்ணைவிட்டு எங்கும் போகவில்லை என்றே எனக்குத் தோன்றும்.

பானை ஓடுகளை விளக்குவதைத் தமிழய்யாவே எடுத்துக்கொண்டார். பாதி கருப்பு, பாதி சிவப்பான ஓடுகள். சிலவற்றில் கீறல்கள். அவை எழுத்துகள் என்றார், தமிழ் பிராமி. கொடுமணல் ஓடுகளில் கண்ணன் ஆதன் என்றொரு பெயர் உண்டு. “உங்க வீட்டுக் குடத்துல, தட்டத்துல பேர் வெட்டி வெக்கறாங்களே, எதுக்கு?” என்று கேட்டார். விசேஷத்துக்கு இரவல் போனால் திரும்பி வர என்று ஒரு பெண் சொன்னாள். “அதேதான்” என்றார் அய்யா. ராஜா வெட்டிய கல்வெட்டு இல்லை இது, தன் பானை தனக்கு வேண்டும் என்று ஒருவர் எழுதியது. எங்கள் சரித்திரப் புத்தகத்தில் அதுவரை ஊருக்குள் வாழ்ந்த ஒருவர்கூட வந்ததில்லை. படையெடுத்தவர்கள் மட்டுமே வந்தார்கள்.

இதையெல்லாம் எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் குழியில் கூலிக்கு வேலை செய்த பெண்கள்தான். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிற வேலை அவர்களுடையது. அரிசியில் கல் பொறுக்கிய கண்களுக்குக் கடுகளவு மணியும் தப்பவில்லை. சீக்கிரமே அவர்கள், கழுத்து ஓடு எது, அடி ஓடு எது என்று பார்த்த உடனே சொல்லலானார்கள். அம்மிச்சியும் போனார். சாயங்காலம் வந்து, கைகால் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் என்ன வந்தது என்று எங்களுக்குச் சொல்வார். எந்த ஆழம் என்பதை விடாமல் சொல்வார். சைக்கிள்காரர் அடுத்த முறை வந்தபோது, “இனி இங்க மணி விக்கறதில்லைங்க” என்று திண்ணையிலிருந்தே பதில் போனது. அம்மிச்சிக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. மண்ணில் கையை வைக்கவிட்டார்கள், கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஊர்க்காரர்களை வேலியின் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் பாரம்பரியத்தைக் காப்பாற்றுங்கள் என்று பலகை வைக்கிற இடங்களில் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பருவம் முடிந்ததும் பொருள்களுக்கெல்லாம் சீட்டு எழுதி, பைகளில் கட்டி, தஞ்சாவூருக்கு ஏற்றினார்கள். அம்மிச்சி அந்தத் தாடிக்கார மாணவரைப் பிடித்துக்கொண்டார். “ஏஞ்சாமி, எங்கூருச் சாமானத்த எங்கூருல வெக்கறதுக்கு ஒரு ரூமு கெடையாதா?” ஆராய்ச்சிக்குக் கொண்டுபோகிறோம் ஆத்தா, எல்லாம் பத்திரமாக இருக்கும் என்றார் அவர். அம்மிச்சி ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

2023 மார்ச்சில் கீழடியில் அருங்காட்சியகம் திறந்த பிறகு அங்கே போயிருந்தேன். செட்டிநாட்டுப் பாணியில் கட்டிய அறைகளில், தோண்டிய ஊரிலேயே பொருள்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அம்மிச்சி கேட்டது இதைத்தான். நொய்யல் கரையில் அப்படியொரு அறை வரவேண்டும். அதில் மினுக்குகிற முழு மணிகளை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும். வாசலில் நுழைந்ததும் பிள்ளைகளின் கண் உயரத்தில், பாதி துளைத்து நின்ற ஒரு கல்லும், பக்கத்தில் அது எந்தக் குழியில் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்ற சீட்டும் இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல, சல்லடை பிடித்த பெண்களின் பேத்திகளை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.