குப்பை வண்டி வராத ஊர்

ஜப்பானின் ஷிகோகு தீவில், டோக்குஷிமா நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் மலையேறினால் கமிகட்சு வந்துவிடும். சுற்றிலும் காடு, படிக்கட்டு போல இறங்கும் நெல் வயல்கள். மொத்த மக்கள்தொகையே சுமார் 1,400தான். அதில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள்.

இந்த ஊர்த் தெருக்களில் குப்பை வண்டியைப் பார்க்க முடியாது. வீட்டுக் குப்பையைக் கழுவி, காயவைத்து, பிரித்து, ஊர் நிர்வாகம் நடத்தும் மையத்துக்கு மக்களே கொண்டுவருகிறார்கள். எத்தனை வகையாகத் தெரியுமா? நாற்பதுக்கும் மேல்! கண்ணாடி பாட்டிலில் நிறமில்லாதது, பழுப்பு, மற்ற நிறங்கள் என்று பிரிவுகள். பால் வரும் அட்டைப் பெட்டி ஒரு பக்கம். அதிலேயே உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியிருந்தால் வேறு பக்கம். மூடிகளுக்கும் தனி இடம். சமையலறைக் கழிவு மட்டும் மையத்துக்கு வராது. அது வீட்டிலேயே உரமாகிவிட வேண்டும். அதற்கான கருவி வாங்க நிர்வாகம் மானியம் கொடுத்தது.

இதெல்லாம் ஏதோ லட்சிய வேகத்தில் தொடங்கியது என்று நினைக்க வேண்டாம். காசு இல்லாததுதான் காரணம். முன்பு திறந்தவெளியில் கொட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 1998-ல் இரண்டு சிறிய எரி உலைகளை வைத்தார்கள். டயாக்சின் என்ற நச்சுக்கு எதிராக விதிகள் இறுகியதும், சில ஆண்டுகளிலேயே அவற்றை மூட வேண்டியதாயிற்று. புது உலை கட்ட வசதியில்லை. குப்பையை வெளியூருக்கு அனுப்பி எரித்தால் செலவு எகிறும். மிச்சமிருந்த வழி, எரிக்கும் குப்பையைக் குறைப்பதுதான்.

வயதானவர்களிடம் போய் "இனி இத்தனை வகையாகப் பிரியுங்கள்" என்றால் சும்மா கேட்டுக்கொள்வார்களா? முணுமுணுப்பு எழத்தான் செய்தது. அலுவலர்கள் குடியிருப்பு குடியிருப்பாகப் போய் விளக்கினார்கள். காரோட்ட முடியாத முதியவர்கள் பதிவு செய்துகொண்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே வந்து எடுத்துப்போக ஏற்பாடு செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, மையத்தில் ஒவ்வொரு பெட்டியின் மேலும் தொங்கும் பலகை. இந்தப் பொருள் எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது, கிலோவுக்கு ஊருக்கு எத்தனை யென் வரவு அல்லது செலவு என்று அதில் எழுதியிருக்கும். ஒழுங்காகப் பிரித்த காகிதம் வரவு. கலந்து கட்டிப் போட்டால் செலவு. நூறு பிரசங்கத்தைவிட இந்த ஒரு பலகை மேல்!

2003-ல், '2020-க்குள் எரிப்பதும் புதைப்பதும் இல்லாத ஊராவோம்' என்று கமிகட்சு அறிவித்தது. ஜப்பானில் அப்படி அறிவித்த முதல் ஊர் இதுதான். இன்று இங்கே சேரும் குப்பையில் சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. நாட்டின் சராசரி 20 சதவீதம்தான். ஆனாலும் பூஜ்யத்தை எட்டவில்லை. டயப்பர், தோல் செருப்பு, பல பொருள்களை ஒட்டித் தைத்த சாமான்கள் என்று சில எதிலும் சேர்வதில்லை. பாட்டிகள் எவ்வளவு கழுவினாலும், பிரிக்கவே முடியாதபடி செய்துவிட்ட பொருளை என்ன செய்வது? அது தொழிற்சாலைகளைக் கேட்க வேண்டிய கேள்வி. அதனால்தானோ என்னவோ, 2020-ல் திறந்த புதிய மையத்தை மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். ஊர்க்காரர்கள் கொடுத்த சுமார் 700 பழைய ஜன்னல்களும் கதவுகளும் அதன் சுவராகியிருக்கின்றன. அதே ஆண்டு, 2030-ஐ இலக்காக வைத்துப் புதிய அறிவிப்பையும் வெளியிட்டார்கள்.

மையத்தோடு ஒட்டியே ஒரு விடுதியும் இருக்கிறது. தங்குகிறவர்கள் தங்கள் குப்பையைத் தாங்களே பிரிக்க வேண்டும். சோப்புகூடத் தேவையான அளவுக்கு வெட்டித்தான் கிடைக்கும். பக்கத்திலேயே 'குருகுரு' கடை. ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத கோப்பை, தட்டு, துணியெல்லாம் அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரரும் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். எடுத்ததைத் தராசில் வைத்து, எடையை நோட்டில் எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.